ஜோடி என்றால் ஆணும் பெண்ணும் அல்ல: குராமி வாங்கப் போகிறவர்களுக்கு

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் முதல் தடவையாகத் தொட்டியில் வளர்க்கக் குராமி வாங்கப் போனபோது, "ஜோடி நூத்தி நாப்பது சார்" என்றார் கடைக்காரர். சிவப்பு உடம்பில் நீலக் கோடு போட்ட இரண்டு ட்வார்ஃப் குராமி. ஜோடி என்று அவர் சொன்னதும் ஒன்று ஆண், ஒன்று பெண் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். நாலாவது நாள் ஒன்று மற்றதைத் துரத்த ஆரம்பித்தது. குடும்பம் நடத்தப் போகிறார்கள் என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பத்தாவது நாள் காலையில் துரத்தப்பட்ட மீன் ஃபில்டருக்குப் பின்னால் வால் கிழிந்து செத்துக் கிடந்தது. இரண்டுமே ஆண் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். மீன் கடையில் ஜோடி என்பது விலை சொல்கிற கணக்கு, இரண்டு பீஸ் என்று அர்த்தம், அவ்வளவுதான். செருப்புக் கடையில் ஜோடி கேட்டால் இடதும் வலதுமாவது கிடைக்கும். இங்கே அந்த உத்தரவாதமும் இல்லை.

அப்புறம் இன்னும் இரண்டு தடவை தப்பு செய்தேன். இடையிடையே அதையும் சொல்கிறேன். நீங்கள் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

1. எந்தக் குராமி என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

குராமி என்பது ஒரே மீன் இல்லை. கடையில் குராமி என்று எழுதி வைத்திருக்கும் நாலு தொட்டியில் நாலு வேறு இனங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் ஆண் பெண் பார்க்கிற விதம் வேறு. அதனால் "குராமில ஆம்பளை எது?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

ஆண் பெண் பார்க்கச் சுலபமானது பேர்ல் குராமி. நன்றாக வளர்ந்த மீனாக இருந்தால் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடலாம். அடுத்தது ட்வார்ஃப். அதில் ஆணும் பெண்ணும் நிறத்திலேயே வேறு வேறு மீன் போல இருக்கும், ஆனால் பெண் கடைக்கு வருவதே அபூர்வம். ப்ளூ குராமி, கோல்டு குராமி, மார்பிள் போலத் திட்டுத்திட்டாக இருக்கும் ஓபலைன், இந்த மூன்றும் ஒரே இனத்தின் நிற வகைகள். இவற்றில் நிறத்தை மறந்துவிட்டுத் துடுப்பை மட்டும் பார்க்க வேண்டும். ஹனி குராமி கொஞ்சம் குழப்பும். மூன்லைட் குராமியில் மீசையைப் பார்த்தால் போதும்.

கிஸ்ஸிங் குராமியை ஜோடியாக வாங்கும் ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்து ஆண் பெண் சொல்ல முடியாத மீன் அது. முட்டை வைத்திருக்கும் பெண் கொஞ்சம் பருமனாகத் தெரியும், மற்றபடி ஒரு வித்தியாசமும் கிடையாது. இரண்டு மீன் வாயோடு வாய் வைத்துத் தள்ளுவதைப் பார்த்து ஆணும் பெண்ணும் என்று நினைக்க வேண்டாம். அது பலப்பரீட்சை. ஜெயண்ட் குராமிக் குட்டியும் கடைகளில் விரல் அளவில் அழகாகத்தான் இருக்கும். வளர்ந்தால் இரண்டடிக்கு வரும். அதில் ஆணுக்கு நெற்றி புடைப்பதும் பெண்ணுக்குக் கீழ் உதடு தடிப்பதும் பெரிதான பிறகுதான் தெரியும். அதுவரை வைத்துக்கொள்ள உங்கள் வீட்டு ஹால் போதாது.

தொட்டிக் கணக்கையும் இங்கேயே முடித்துவிடுவோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் விளிம்பு வரை நிரப்பினாலே சுமார் 55 லிட்டர்தான் பிடிக்கும். ட்வார்ஃப் அல்லது ஹனி ஒரு ஆண், ஒன்றிரண்டு பெண் அதில் இருக்கலாம். பேர்ல், ப்ளூ என்றால் மூன்றடித் தொட்டி வேண்டும்.

2. குட்டி மீனில் ஆண் பெண் தேடாதீர்கள்

ட்வார்ஃப் கதை முடிந்த பிறகு பேர்ல் குராமிக்கு மாறினேன். பெரிய மீன் விலை அதிகம் என்று, 50 ரூபாய் வீதம் ஆறு குட்டி வாங்கினேன். கடையில் அரை மணி நேரம் குனிந்து நின்று "இது ஆண், இது பெண்" என்று விரலால் காட்டிக் காட்டிப் பொறுக்கினேன். கடைப் பையன் பொறுமையாகப் பிடித்துக் கொடுத்தான். அவனுக்குத் தெரிந்திருக்கும், சொல்லவில்லை. மூன்று ஆண், மூன்று பெண் என்று நான் எடுத்து வந்ததில், ஐந்து மாதம் கழித்துப் பார்த்தால் ஐந்து ஆண், ஒரே ஒரு பெண். அந்த ஒரு பெண்ணும் நான் ஆண் என்று எடுத்தது.

குட்டியில் துடுப்பெல்லாம் ஒரே மாதிரி வட்டமாக, நிறமெல்லாம் ஒரே மாதிரி வெளிறித்தான் இருக்கும். ஆணுக்கு உரிய அடையாளங்கள் வயதுக்கு வரும்போதுதான் வெளியே தெரியும். எவ்வளவு பெரிதானால் பார்க்கலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு இது: ஹனிக்கு 4 சென்டிமீட்டர், ட்வார்ஃபுக்கு 5, பேர்லுக்கும் ப்ளூ வகைகளுக்கும் 8. கடைக்கு ஸ்கேல் கொண்டுபோக வேண்டியதில்லை. தீப்பெட்டியின் நீளம் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர். ஏடிஎம் கார்டின் நீளம் எட்டரை. கார்டைக் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள், மீன் அதைவிடச் சின்னதாக இருந்தால் பேர்லிலும் ப்ளூவிலும் தீர்ப்பு சொல்லாதீர்கள். தண்ணீருக்குள் இருக்கும் மீன் நிஜத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

பட்ஜெட் இடிக்கிறது, குட்டிதான் வாங்க முடியும் என்றால் அதற்கும் வழி உண்டு. ஒன்றிரண்டு வாங்காமல் ஐந்தாறாக வாங்கி வளர்த்து, அடையாளம் தெரிந்ததும் அதிகப்படி ஆண்களைத் திருப்பிக் கொடுக்கலாம். அதற்கு ஐந்தாறு மாதப் பொறுமையும், திருப்பி எடுத்துக்கொள்ள ஒரு கடையும் வேண்டும். கடையிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

3. முதலில் முதுகுத் துடுப்பு

ஒரே ஒரு அடையாளம்தான் மனதில் நிற்கும் என்றால் இதை நிறுத்திக்கொள்ளுங்கள். ஆணின் முதுகுத் துடுப்பு பின்பக்கம் நீண்டு கூராக முடியும். பெண்ணுடையது குட்டையாக, நுனி வட்டமாக இருக்கும்.

ப்ளூ, கோல்டு, ஓபலைன் வகையில் எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். மீன் பக்கவாட்டில் நிற்கும்போது அதன் முதுகுத் துடுப்பைப் பின்னால் மடித்துப் படுக்க வைத்தால் நுனி எதுவரை போகும் என்று மனதில் கோடு போடுங்கள். ஆணில் அது வால் ஆரம்பிக்கிற இடத்தைத் தொடும், அல்லது தாண்டும். பெண்ணில் அதற்கு நன்றாக முன்பே நின்றுவிடும். முதல் தடவை சந்தேகமாகத்தான் இருக்கும். ஒரே தொட்டியில் பத்து மீன் இருந்தால் மாற்றி மாற்றிப் பாருங்கள். தனியாக ஒரு மீனைப் பார்த்துச் சொல்வது கஷ்டம், பக்கத்தில் ஒப்பிட ஒன்று இருந்தால் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடும்.

பேர்லில் இதோடு அடிப்பக்கத் துடுப்பையும் சேர்த்துப் பாருங்கள். வளர்ந்த ஆணில் அதன் பின் ஓரம் நூல் நூலாக நீண்டு, குஞ்சம் தொங்குவது போல இருக்கும். பெண்ணில் ஓரம் சீராக இருக்கும். எங்கள் வீட்டில் அந்த ஐந்து ஆண்களை எனக்குக் காட்டிக் கொடுத்தது இந்தக் குஞ்சம்தான். ஒரு நாள் சாயங்காலம் பக்கவாட்டு வெளிச்சத்தில் என் அம்மா தொட்டியைப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் தாவணி மாதிரி தொங்குது, அந்த ஒண்ணுக்குத்தான் இல்ல" என்றார். தாவணி போட்டதெல்லாம் ஆண் என்று சொன்னதற்கு இன்றுவரை நம்பவில்லை.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. பயந்த மீன் துடுப்பை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்ளும். தொட்டிக்குள் வலை இறங்கிய நிமிடம் எல்லா மீனும் பெண் மாதிரிதான் தெரியும். அதனால் பையன் வலையைத் தூக்குவதற்கு முன்பே தேர்ந்தெடுத்து முடித்துவிடுங்கள். தொட்டியிலிருந்து ஓரடி தள்ளி, ஆடாமல் இரண்டு நிமிடம் நின்றால் போதும், மீன் பழையபடி சுற்ற ஆரம்பிக்கும். ஒன்று இன்னொன்றின் எதிரே வந்து நிற்கும்போது துடுப்பை முழுசாக விரிக்கும், அந்த ஒரு நொடிதான் உங்களுக்கு வேண்டியது.

இன்னொன்று, கிழிந்த துடுப்பு. நெருக்கடியான தொட்டியில் ஒன்றையொன்று கடித்து நுனி போயிருக்கும். கூர் போன ஆண் பார்வைக்குப் பெண்தான். நுனி வெள்ளையாகவோ பிசிறாகவோ இருந்தால் அந்த மீனை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

4. நிறத்தை எங்கே நம்பலாம், எங்கே கூடாது

ட்வார்ஃபில் நம்பலாம், ஒரு நிபந்தனையோடு. ஆண் செங்கல் சிவப்பில் பளபளக்கும் நீலக் கோடுகளோடு இருக்கும். பெண் வெள்ளி கலந்த சாம்பல் நிறம், கோடுகள் இருந்தும் இல்லாதது மாதிரி. கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து மீன், நம் நாட்டுச் சரக்குதான். ஆனாலும் பெண் கிடைப்பதில்லை, ஏனென்றால் சாம்பல் நிற மீனைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? கடைத் தொட்டியில் இருபதும் பளபளவென்று இருந்தால் இருபதும் ஆண் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முழு நீலமாக இருக்கும் பவுடர் ப்ளூ, முழுச் சிவப்பாக இருக்கும் ஃபிளேம், இவையும் ட்வார்ஃபிலிருந்து வளர்ப்பில் வந்த வகைகள்தான். இவற்றிலும் பளிச்சென்று கடைக்கு வருவதில் கிட்டத்தட்ட எல்லாம் ஆண்.

நிபந்தனை இதுதான்: வண்ணமீன் தொழிலில் நிறம் ஏறுவதற்காக ஹார்மோன் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. அப்படிப்பட்ட மீனில் சின்ன வயசிலேயே, சில சமயம் பெண்ணிலும்கூட, ஆணின் நிறம் வந்துவிடும். மூன்று சென்டிமீட்டர் குட்டி பெரிய மீனின் நிறத்தில் ஜொலித்தால் சந்தேகப்படுங்கள்.

பேர்லுக்கு மாறுவதற்கு முன் நான் செய்த இரண்டாவது தப்பு இங்கேதான். பிழைத்திருந்த ட்வார்ஃப் ஆணுக்குத் துணை தேடி வேறு ஒரு கடைக்குப் போனேன். "பெண் தனியா இருக்கு சார், எண்பது ரூபா" என்று வெளிர் நிறத்தில் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து அதன் தொண்டை கறுத்து, உடம்பு தேன் நிறமாகி, என் பெண் மீன் ஒரு ஹனி குராமி ஆணாக மாறி நின்றது. ட்வார்ஃபுக்கு ஹனி ஒரு சுற்றுச் சின்னது, உடம்பும் ஒல்லி. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர்கள் யாரும் ஏமாறலாம். 1822-ல் இந்த ஹனி குராமியை விவரித்த ஹாமில்டனே ஒரே மீனை இரண்டு பெயர் கொடுத்து இரண்டு இனமாக எழுதிவைத்தார் என்று பின்னால் தெரிந்துகொண்டபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஹனியில் ஆணின் அசல் நிறம் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போதுதான் வரும்: உடம்பு ஆரஞ்சுத் தேன் நிறம், முகத்துக்குக் கீழே தொண்டையிலிருந்து வயிறு வழியாக அடித் துடுப்பு வரை கருநீலம். பெண்ணுக்குக் கண்ணிலிருந்து வால் வரை பழுப்புக் கோடு ஒன்று ஓடும். ஆனால் பயந்துபோன ஆணிலும் அதே கோடு தோன்றும், கடைத் தொட்டியில் இருக்கும் ஆண் பெரும்பாலும் பயந்த ஆண்தான். எனவே ஹனியில் பழுப்புக் கோட்டை வைத்துப் பெண் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மஞ்சள், சிவப்பு என்று வளர்ப்பில் வந்த ஹனி வகைகளில் இரண்டு பாலுமே ஒரே நிறமாக இருப்பதால் இன்னும் குழப்பம். எனக்குக் கைகொடுத்தது தொண்டை கறுப்பதுதான், அதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

பேர்லில் நிறம் நல்ல சாட்சி. வளர்ந்த ஆணின் தொண்டையும் மார்பும் ஆரஞ்சு கலந்த சிவப்பு, குங்குமம் பூசின மாதிரி. பெண்ணின் மார்பு வெள்ளிதான். மூன்லைட்டில் கீழே தொங்கும் இரண்டு நீள மீசைகளைப் பாருங்கள்: ஆணுக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு, பெண்ணுக்கு வெளிர் மஞ்சள் அல்லது நிறமே இல்லை. ப்ளூ, கோல்டு, ஓபலைனில் நிறத்துக்கும் பாலுக்கும் சம்பந்தமே கிடையாது. "நீலம் ஆண், மஞ்சள் பெண்" என்று ஒருவர் எனக்கு விற்கப் பார்த்தார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

5. வயிற்றைக் கடைசியில் பாருங்கள்

பெண்ணுக்கு வயிறு உருண்டையாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், முட்டை வைத்திருந்தால். புழு போட்ட அரை மணி நேரத்தில் ஆணுக்கும் அதே வயிறு வரும். அதனால் தீனி போடுவதற்கு முன் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும்: பெண் நடுவில் அகன்று இருக்கும், ஆண் ஒரே சீராக ஒல்லியாக இருக்கும். வயிறு உப்பி, செதில்கள் சிலிர்த்த மாதிரி தூக்கிக்கொண்டு இருந்தால் அது முட்டை இல்லை, நோய். அந்த மீனை மட்டும் இல்லை, அந்தத் தொட்டியையே தவிர்த்துவிடுங்கள்.

6. கடையில்: நேரம், வெளிச்சம், பில்

ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போனால் கூட்டத்தில் உங்கள் மூக்கே தொட்டியில் இடிக்கும், நின்று துடுப்பு பார்க்கவெல்லாம் யாரும் விட மாட்டார்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் விலை பேசலாம், ஆனால் மீன் ஏற்கெனவே கவரில் இருக்கும். கவரில் மடங்கிக் கிடக்கும் மீனில் எதையும் பார்க்க முடியாது, அடுத்த வாரம் அதே ஆளைத் தேடிப் பிடிப்பதும் நிச்சயமில்லை. ஆண் பெண் பார்த்து வாங்க வேண்டுமென்றால் வாரநாளில், கடை திறந்து ஒரு மணி நேரத்துக்குள் போங்கள். பெரும்பாலும் அப்போது இன்னும் தீனி போட்டிருக்க மாட்டார்கள், பையனுக்கும் பொறுமை இருக்கும்.

வெளிச்சத்தைக் கவனியுங்கள். தொட்டி மேல் ரோஸ் விளக்கு எரிந்தால் பேர்ல் பெண்ணின் மார்பும் சிவப்பாகத் தெரியும். "அண்ணே, லைட்ட ஒரு நிமிஷம் அணைக்க முடியுமா?" என்று கேட்டால் பலரும் அணைப்பார்கள். போன் டார்ச்சை நேராக அடிக்காதீர்கள், மீன் பயந்து நிறம் போய்விடும்.

போனை வீடியோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த மீனை ஒரு நிமிடம் வீடியோ எடுத்து, அங்கேயே நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். துடுப்பு விரியும் அந்த ஒரு நொடி கண்ணுக்குத் தப்பினாலும் வீடியோவில் கிடைக்கும். நான் பொறுக்கிய மீன்களில் பாதியை இப்படிப் பார்த்துத்தான் மாற்றினேன்.

அப்புறம் காகிதம். மீனுக்கா பில் என்று தோன்றும். ஹனி குராமியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "எங்க கடை மீனுதான்னு எப்படி சார் சொல்றீங்க?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. இப்போதெல்லாம் துண்டுச் சீட்டானாலும் எழுதி வாங்குகிறேன். அதில் நாலு விஷயம் இருக்க வேண்டும்: தேதி, இனத்தின் பெயர், "1 ஆண் 2 பெண்" என்ற எண்ணிக்கை, மாறியிருந்தால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பது. கடைசி வரியை எழுதத் தயங்குகிற கடைக்காரருக்கு அந்த மீனில் ஆண் பெண் தெரியவில்லை என்று அர்த்தம். அந்தத் தயக்கமே உங்களுக்கு வேண்டிய தகவல். பணத்தை யுபிஐ-யில் அனுப்பினால் தேதிக்கும் தொகைக்கும் இன்னொரு சாட்சி ஆகிவிடும். சீட்டை மீன் கவர் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள், சீட்டு ஒரே நாளில் நனைந்துவிடும்.

செலவு என்று பார்த்தால் நான் தப்பான மீனுக்கு மட்டும் 140, 80, 300 என்று மொத்தம் 520 ரூபாய் கொடுத்தேன். மருந்து, ஆட்டோ எல்லாம் தனி. பிறகு வளர்ந்த பேர்ல் பெண் இரண்டு தேடி வாங்கியபோது ஒன்று 120 ஆனது. குட்டியைவிட இரண்டு மடங்குக்கு மேல், ஆனால் அதுதான் மலிவு. விலை கடைக்குக் கடை, வாரத்துக்கு வாரம் மாறும், என் கணக்கை அப்படியே பேரம் பேச எடுத்துப் போகாதீர்கள்.

7. வீட்டில் முதல் மூன்று வாரம்

புது மீனை நேராகப் பழைய தொட்டியில் விடாதீர்கள். ட்வார்ஃபில் குணமாக்க முடியாத வைரஸ் நோய் ஒன்று இருக்கிறது, வெளியே தெரிய நாளாகும். மூடியுள்ள 20 லிட்டர் டப்பாவில் ஒரு ஸ்பான்ஞ் ஃபில்டர் போட்டு மூன்று வாரம் தனியாக வையுங்கள். கவரைத் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பிறகு மீனை மட்டும் எடுத்து விடுங்கள். மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் சொட்டு போடாமல் ஊற்றாதீர்கள். லாரித் தண்ணீரும் அப்படியே.

குராமி தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன். மேலே வருவதைப் பார்த்து மூச்சுத் திணறுகிறது என்று பதற வேண்டாம். ஆனால் மூடி அவசியம், குதிக்கும். நம் ஊர் வெயிலில் ஹீட்டர் தேவையில்லை, டிசம்பர், ஜனவரி இரவுகளில் மட்டும் ஒரு கண் வையுங்கள்.

இந்த மூன்று வாரமும் ஆண் பெண் விசாரணைக்கு நல்ல நேரம். பயம் தெளிந்த மீன் கடையில் காட்டாததையெல்லாம் காட்டும். ஞாயிறுதோறும் ஒரே இடத்தில் நின்று, ஒரே வெளிச்சத்தில் பக்கவாட்டுப் படம் எடுங்கள். நோட்டில் ஒரு வரி: தேதி, எந்த மீன், துடுப்பு நுனி கூரா வட்டமா, மார்பு நிறம். மீனுக்கு மீன் வித்தியாசம் தெரிய ஏதாவது ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒன்றுக்கு இடது மீசை பாதிதான், அதன் பெயரே பாதி மீசை. மூன்றாவது வாரப் படத்தை முதல் வாரப் படத்தோடு வைத்துப் பார்த்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மாற்றும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். கடைக்காரர் ஏழு நாள்தான் கொடுத்திருக்கிறார் என்றால் ஆறாவது நாளே படத்தை அனுப்பிப் பேசிவிடுங்கள்.

நடத்தையும் சொல்லும். மேலே மூலையில் உமிழ்நீர் கலந்த சின்னச் சின்னக் குமிழிகளை அடுக்கி நுரைக்கூடு கட்டினால் அது கிட்டத்தட்ட நிச்சயமாக ஆண். கூடு கட்டாததால் பெண் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஃபில்டர் தண்ணீரை வேகமாகக் கலக்கினால் எந்த ஆணும் கட்ட மாட்டான்.

துரத்துவதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். ஆண் ஆணையும் துரத்தும், முட்டைக்குத் தயாராகாத பெண்ணையும் துரத்தும். நான் அதில்தான் முதலில் விழுந்தேன்.

8. மாறிப்போய்விட்டால்

இரண்டும் ஆண் என்று தெரிந்த அன்றே பிரியுங்கள், "பார்க்கலாம்" என்று ஒரு வாரம் விடாதீர்கள். வேறு தொட்டி இல்லையென்றால் துளைபோட்ட பிளாஸ்டிக் தட்டியை நடுவில் சொருகலாம், கட்டிட வேலைக்கு விற்கும் கொசுவலைத் துண்டும் போதும். ஓரங்களில் இடைவெளி விடாதீர்கள், ஆனால் இரண்டு பக்கத்து மீனும் மேலே வந்து மூச்சு எடுக்க இடம் வேண்டும். செடிகளையும் மிதக்கும் கீரை மாதிரித் தாவரங்களையும் அடர்த்தியாகப் போட்டால் ஒன்றின் கண்ணில் மற்றது படாமல் கொஞ்சம் அமைதி கிடைக்கும்.

பேர்ல் ஆண்கள் பெரிய தொட்டியில் ஓரளவு ஒத்துப்போவார்கள். ப்ளூ ஆண்கள் மாட்டார்கள். அதில் ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்பதுதான் பாதுகாப்பான கணக்கு. ஒரே பெண் என்றால் அவள்பாடு திண்டாட்டம்.

அதிகப்படி மீனைக் கடைக்குக் கொடுத்தால் பணமாகக் கிடைப்பது கஷ்டம், தீனி டப்பாவாக வாங்கிக்கொள்ளலாம். என் நாலு பேர்ல் ஆண்களுக்கு ஒரு டப்பா தீனியும் ஒரு கட்டுச் செடியும் கிடைத்தது. எது செய்தாலும் ரெட்டேரியிலோ கொரட்டூர் ஏரியிலோ கொண்டுபோய் விடாதீர்கள். தொட்டியிலிருந்து போன டேங்க் கிளீனர் மீன் நம் நீர்நிலைகளில் பெருகி, வலை போடுகிறவர்களை என்ன பாடு படுத்துகிறது என்று அவர்களிடம் கேட்டால் தெரியும்.

9. கூடு கட்டிய பிறகு

சரியான ஆணும் பெண்ணும் அமைந்து, நுரைக்கூடும் வந்துவிட்டால் நேரம் குறைவு. ஃபில்டரின் காற்றைக் குறையுங்கள், தண்ணீர் மட்டத்தை 15 முதல் 20 சென்டிமீட்டருக்கு இறக்குங்கள். ஆண் பெண்ணைக் கூட்டுக்கு அடியில் அழைத்து, உடம்பால் வளைத்துப் பிடிக்கும், முட்டைகள் மேலே மிதந்து கூட்டில் சேரும். ட்வார்ஃப் ஆண் கூட்டில் செடித் துணுக்குகளையும் சேர்த்துப் பின்னுவான், அதைச் சுத்தம் செய்கிறேன் என்று எடுத்துவிடாதீர்கள்.

முட்டையிட்டு முடித்ததும் அன்றைக்கே பெண்ணை வெளியே எடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் காவல் ஆணுடையது, பெண் பக்கத்தில் வந்தால் அடித்தே கொன்றுவிடுவான். ஒன்று, ஒன்றரை நாளில் குஞ்சு பொரிக்கும். இன்னும் இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் நேராக நீந்த ஆரம்பித்ததும் ஆணையும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பசியில் அவனே தின்றுவிடுவான். பெண்ணுக்கு வேறு தொட்டி தயாராக இல்லையென்றால் கழுவிய பிளாஸ்டிக் பக்கெட்டில் அதே தொட்டித் தண்ணீரை நிரப்பி விடலாம். மேலே ஒரு தட்டைக் கொஞ்சம் இடைவெளி விட்டு மூடுங்கள், பாதி மீசை ராத்திரியில் குதித்து வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடந்ததை நான்தான் தேடி எடுத்தேன்.